சாக்கின் வாய் திறந்திருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்லித் தெருநாய்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி ஓர் உத்தரவும், 22-ஆம் தேதி அதைத் திருத்தி இன்னோர் உத்தரவும் போட்டதிலிருந்து உங்கள் கடிதப் பகுதியில் நாய்ச் சண்டை ஓயவில்லை. பிடித்து அடை என்பவர்கள் ஒரு பக்கம், வாயில்லா ஜீவன் பாவம் என்பவர்கள் ஒரு பக்கம். எல்லாவற்றையும் வரி விடாமல் படித்தேன். தெருவில் நிற்கிற நாயைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அது தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. எங்கள் பக்கம் அது சாக்கில் வருகிறது. அப்படி வந்த ஒன்றை ஒன்பது மாதமாக வளர்த்து வருகிறேன். கடிதம் நீளமாகத்தான் வரும், வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர். 1986-இல் வேலைக்குச் சேர்ந்து 2022-இல் ஓய்வு பெற்றேன். 36 வருடமும் தருமபுரி மாவட்டத்துத் துணை சுகாதார நிலையங்களில்தான். இப்போது பாப்பாரப்பட்டியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. பேரன் மூன்றாம் வகுப்பு.

நாய் எனக்குப் புதிதில்லை. அப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் எப்போதும் ஒன்று கிடக்கும். பெயர் மணி. மணி செத்தால் அடுத்ததற்கும் பெயர் மணி. மிஞ்சின களியைக் கரைத்து உடைந்த சட்டியில் ஊற்றுவோம், அது குடிக்கும், ராத்திரி குரைக்கும். அவையெல்லாம் தாமாக வளர்ந்தன, நாங்கள் எதையும் வளர்க்கவில்லை. இந்த வித்தியாசம் 62 வயதில்தான் எனக்குப் புரிந்தது. வேலைக்குப் போன பிறகோ நாய் என்றாலே வயிற்றைக் கலக்கும். தோளில் தடுப்பூசிப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருமுனையில் நுழைந்தால் முதலில் வரவேற்பது அதுதானே.

2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் நசநசவென்று விடாத ஈரம். 4-ஆம் தேதி, புதன்கிழமை. புதன் என்றால் தடுப்பூசி நாள். ஓய்வு பெற்றும் அன்றைக்கு மட்டும் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது வேலிக்காத்தான் புதரடியில் ஒரு சிமென்ட் சாக்கு முனகியது. உள்ளே மூன்று குட்டிகள். ஒன்று சில்லிட்டுப் போயிருந்தது. மற்ற இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு பன் துண்டும் நனைந்து கிடந்தது. மூன்றுமே பொட்டை.

வீட்டுக்கு எடுத்து வந்ததும் அவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "எத்தனைன்னு கேக்கல, என்னான்னு பாத்தியா?" என்றார். "பொட்டைங்கதான்" என்றேன். "அதான் சாக்குல கெடந்துது. கடுவனா இருந்தா கண்ணு தெறக்கறதுக்கு முன்னாடியே ஆளுக்கொண்ணா தூக்கிட்டுப் போயிருப்பாங்க." பேருந்தில் 30 வருடம் நின்றவர் சொல்வது பொய்யாகாது. கடைசி வண்டியில் சாக்கோடு ஏறுவார்களாம். கேட்டால் கோழி என்பார்களாம். வழியில் ஏதோ ஓர் ஏரியோ பாலமோ வந்ததும் இறங்கிக்கொள்வார்களாம்.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். 'பொட்டை' என்ற அந்தச் சொல்லை அதே அலுப்போடு, அதே குரலில், பிரசவம் பார்த்த வீட்டுத் திண்ணைகளில் நான் கேட்டிருக்கிறேன். பெண் பிள்ளை வேண்டாம் என்பவர்கள் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்று 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. எங்களுக்கு எதற்காக வந்தது என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும், உள்ளூர்க்காரர்களுக்கு வேண்டாம். மனுஷப் பிள்ளையையும் நாய்க்குட்டியையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கை சாக்கை இறக்கி வைக்க மறுத்துவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டில் ஒன்று மறுநாள் ராத்திரி என் உள்ளங்கையிலேயே அடங்கியது. மிஞ்சியது இது ஒன்று.

பெயர் வைக்கவில்லை. வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பத்து நாள் 'ஏய்' என்றுதான் கூப்பிட்டேன். அது 'ஏய்' என்றால் ஓடிவரப் பழகிவிட்டது. தெருவில் யார் யாரை 'ஏய்' என்றாலும் ஓட ஆரம்பித்ததால் வேறு வழியில்லாமல் பெயர் வைத்தோம். ராகி மாவு நிறம், அதனால் ராகி.

முதல் தப்பை நானேதான் செய்தேன். பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்துச் சங்கில் புகட்டினேன். பச்சைப் பிள்ளைக்குப் பசும்பால் கொடுக்காதே என்று ஆயிரம் வீட்டில் சொன்ன வாய் இது. விடிவதற்குள் வயிற்றுப்போக்கு. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் அதிகம், பால் சர்க்கரை குறைவு; பசும்பாலில் உள்ள சர்க்கரை குட்டியின் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். நான்கு வாரக் குட்டிதான், அரிசி முனை மாதிரி பல் எட்டிப் பார்க்கிறது, கஞ்சிப் பதத்தில் சாப்பிடும் என்றார். குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, உப்பு மிளகாய் போடாத கோழி, கொஞ்சம் தயிர். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. கண் திறந்ததும் தூக்கிவந்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்று எங்கள் பக்கம் ஒரு சாஸ்திரம் உண்டு. கண் 10, 14 நாளில் திறந்துவிடும். ஆனால் எட்டு வாரம் வரை தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் கிடந்தால்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று ஒன்றையொன்று கடித்தே தெரிந்துகொள்ளும். அந்தப் பாடம் படிக்காமல் வந்தது எங்கள் ராகி. பாடத்துக்கு எங்கள் கையும் காலும்தான் சிலேட்டு.

ராத்திரிகளைச் சொல்ல வேண்டும். பாலக்கோடு மண்டியிலிருந்து வந்த பழைய தக்காளிக் கிரேட்டில் என் நூல் புடவையை மடித்துப் போட்டு, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தேன். எடை குறைந்த பிள்ளைகளுக்குச் சூடு காப்பது எப்படி என்று தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள்தானே. விளக்கை அணைத்ததும் தொடங்கும் பாருங்கள் ஓர் அழுகை. முனகலில் ஆரம்பித்து, இழுத்து, மூன்றாம் கட்டையில் போய் நிற்கும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மூன்றாம் நாள், "ஏம்மா நர்சம்மா, ஊளையிட்டா வீட்டுக்கு ஆகாதும்மா" என்று எச்சரித்துவிட்டுப் போனார். கிரேட்டைக் கூடத்திலிருந்து என் கட்டிலோரம் நகர்த்தினேன், ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்தேன். அழுகை நின்றது. தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

தூக்கம் கெட்டது அவருக்கும்தான். குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், இந்த மூன்று நேரத்தில் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். பகலில் இரண்டு மணிக்கு ஒரு தடவை. ராத்திரியிலும் இரண்டு தடவை. ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு நேரம் குறித்தேன். பொட்டைக் குட்டி வேண்டாம் என்று வாசலில் நிறுத்திய மனிதர், மார்கழிக் குளிரில் இரண்டு மணிக்கு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் குடையுமாக முருங்கை மரத்தடியில் நின்று, "போ சாமி, சீக்கிரம் போ, போயிட்டு வா" என்று கெஞ்சியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கல்யாணமான 38 வருடத்தில் அவர் என்னைக் கூட 'சாமி' என்று சொன்னதில்லை.

வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய், பேப்பரைச் சுருட்டி நாலு வை என்றார்கள். மருத்துவர் கூடாது என்றார். பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துப் போகும், வேறொன்றும் கற்றுக்கொள்ளாது. பேப்பரை நான் அடிக்கப் பயன்படுத்தவில்லை, விரிக்கப் பயன்படுத்தினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது உங்கள் பேப்பர்தான். பங்குச்சந்தைப் பக்கம் நன்றாக ஈரம் இழுக்கிறது. கடிதப் பகுதியை ஒரு நாளும் விரித்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இனி ஊசி. இந்த இடத்தில் என் தொழில் புத்தி வெளியே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குடற்புழு. தாயிடமிருந்தே புழு வந்துவிடுவதால் இரண்டு மூன்று வாரத்திலேயே மருந்து தொடங்கிவிட வேண்டும், அதுவும் எடை பார்த்து. மளிகைக் கடைத் தராசில் வைத்தேன், 1 கிலோ 250 கிராம். "துவரம்பருப்பு வெலைக்குப் போடட்டாம்மா?" என்றார் கடைக்காரர். அன்றிலிருந்து வாராவாரம் அதே தராசு, அதே கிண்டல், நோட்டில் ஒரு புள்ளி. பாலர் எடை அட்டை போட்ட பழக்கம் விடவில்லை.

அடுத்தது பார்வோ, டிஸ்டெம்பர் முதலான நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி. 2011 கடைசியில் ஐந்து நோய்க்கு ஒரே ஊசியாகப் பிள்ளைகளுக்குப் பென்டாவேலன்ட் வந்தபோது நாங்கள் வியந்தோமே, அதே மாதிரி. ஏழு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் ஆகும் வரை. ஏன் இத்தனை தடவை என்று பலர் கேட்கிறார்கள், ஒன்றோடு நிறுத்தியும் விடுகிறார்கள். காரணம் எங்களுக்குப் பழக்கமானதுதான். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை ஊசி மருந்தை அதுவே அடித்துப் போட்டுவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் விட்டு விட்டுப் போடுவது. மனுஷப் பிள்ளைக்குத் தட்டம்மை ஊசியை ஒன்பது மாதம் வரை தள்ளி வைத்ததும் இதே கணக்குதான். மருத்துவர் சொல்ல ஆரம்பித்ததும் நான் மீதியைச் சொல்லி முடித்தேன். "நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்கம்மா" என்று சிரித்தார்.

மருந்து தருமபுரியில் ஒரு கடையில் வாங்கும்படி எழுதிக் கொடுத்திருந்தார். கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தார், கேரி பேக்கில் போட்டார், நீட்டினார். ஐஸ் எங்கே என்றேன். "அரை மணி நேரம்தானேம்மா, ஒண்ணும் ஆகாது. எல்லாரும் இப்பிடித்தான் கொண்டு போறாங்க." 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, பேருந்தில் இன்ஜின் மேல் உட்கார்ந்து வந்தால் ஊசி போட்ட மாதிரி இருக்கும், பலன் இருக்காது. 36 வருடம் ஐஸ் பெட்டியைத் தோளில் சுமந்தவளிடம் ஒண்ணும் ஆகாது என்கிறார். நான் கையோடு கொண்டுபோயிருந்த பேரனின் ஸ்கூல் ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, மருந்து நேராக ஐஸில் படாமல் துணியில் சுற்றி வைத்து எடுத்து வந்தேன். "எல்லாரும் இப்பிடித்தான்" என்ற அந்தப் பேச்சில்தான் எத்தனை குட்டிகள் போகின்றனவோ.

ஒன்று போனதைக் கண்ணால் பார்த்தேன். அடுத்த தெருப் பையன் ஒருவன் பெங்களூரிலிருந்து லேப்ரடார் குட்டி வாங்கி வந்தான். எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று விற்றவர் வாயால் சொன்னாராம், அட்டை கொடுக்கவில்லையாம். வந்த ஆறாம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தப் பேதி. பார்வோவுக்கு ஒரு நாற்றம் உண்டு, ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. மூன்றாம் நாள் குட்டி இல்லை. 20 வயதுப் பையன், கைக்குழந்தையைப் பறிகொடுத்த மாதிரி படியில் உட்கார்ந்திருந்தான். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். அவன் வீட்டு வாசலிலும் எங்கள் வாசலிலும் நானே கரைத்து ஊற்றினேன். உடனே இன்னொரு குட்டி வாங்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஊசி முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடக் கூடாது. ஆனால் 14, 16 வாரத்துக்குள் பார்க்காததை, கேட்காததைப் பிற்பாடு பார்த்தால் மிரளும், கடிக்கும். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது? வயர்க்கூடைதான். ராகியைக் கூடையில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வாசலில் நிற்பேன். பேருந்து நிறுத்தம், மாவு மில், சுப்பிரமணிய சிவா மணிமண்டபம் பக்கம் என்று தினம் ஓர் இடம். கூடையின் விளிம்பில் இரண்டு முன்னங்காலையும் வைத்து, காதை விறைத்துக்கொண்டு, லாரி ஹாரனையும் பார்க்கும், தலைச்சுமைக்காரரையும் பார்க்கும். "நர்சம்மா மறுபடியும் ஊசி போட வந்துட்டாங்க" என்று பிள்ளைகள் ஓடியதும் உண்டு. இன்றைக்கு என் ராகி யாரையும் பார்த்துக் குரைத்துப் பாய்வதில்லை. முழுக் காரணம் அந்த 80 ரூபாய்க் கூடை. காவலுக்கு ஆகாத நாய் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குக் குறை.

பொங்கலுக்குப் பேரன் வந்தான். குட்டிக்கு அப்போது பத்து வாரம், வெறிநாய்க்கடித் தடுப்பூசி இன்னும் போடவில்லை. அது மூன்று மாதம் ஆனதும்தான். மாட்டுப் பொங்கலன்று துணியை இழுத்து விளையாடும்போது பல் அவன் கையில் கீறிவிட்டது. ரத்தம் வரவில்லை, தோல் சிராய்த்துச் சிவந்தது. "வுடும்மா, குட்டிப் பல்லு, நம்ம வீட்டுக் குட்டிதானே" என்றான் என் மகன். ஊரெல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். பேரன் கத்தினான், மருமகளுக்கு என் மேல் கோபம். அப்படியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள் ஊசிகளை ஓசூரில் போட்டார்கள். ரத்தம் வந்திருந்தால் இதோடு காயத்திலேயே சீரமும் போட வேண்டியிருக்கும். சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள் எதையும் வைத்து அப்பாதீர்கள், கழுவுங்கள், கிளம்புங்கள். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. குட்டிதானே என்று விட்ட ஒரு வீட்டுப் படியை என் பணிக்காலத்தில் நான் ஏறியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

கஷ்டமாகவே எழுதுகிறேனே என்று தோன்றும். எவர்சில்வர் குடத்தில் தன் முகத்தைப் பார்த்துத்தான் அது முதன்முதலாகக் குரைத்தது. குரைத்தது தான்தான் என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தது, என்னையும் பார்த்தது. தூக்கத்தில் நான்கு காலும் ஓடும். எதைத் துரத்துகிறதோ, பிடித்துவிட்டால் உதடு சப்புக்கொட்டும். குக்கர் விசில் அடித்தால் முதல் வாரம் அலமாரிக்கு அடியில். மாசி மாதத்துக்குள் மூன்றாவது விசிலுக்குச் சரியாக எழுந்து வந்து சமையற்கட்டு வாசற்படியில் தாடையை வைத்துக்கொள்ளக் கற்றது. எண்ணத் தெரிந்த நாய் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயைப் பற்றி அதில் வெட்டியிருக்கிறார்கள். அதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். "பேரைப் பாத்தா அதுவும் கடுவன்தான் போல" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ராகிக்கு ஒரு மாரி பிஸ்கட்டை உடைத்துப் போட்டார்.

மாசி, பங்குனியில் பல் விழுந்து முளைக்கும் பருவம். பால்பல் 28, அது போய் 42 வர வேண்டும். அரிப்புத் தாங்காமல் அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தின் அட்டை, என் ஒற்றைச் செருப்பு, நாற்காலிக் கால், காயப்போட்ட பாவாடை நாடா எல்லாம் போயின. ஈரத் துணியை முடிச்சுப் போட்டு ஃபிரீசரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். ஒரு நாள் கூடத்தைப் பெருக்கும்போது முறத்தில் அரிசி மாதிரி ஒன்று கிடந்தது, பார்த்தால் பல். பேரனுக்கு வீடியோ காலில் காட்டினேன். அவன், "பாட்டி, தூக்கிப் போட்டுடாத, என் பல்ல தாத்தா கூரையில போட்ட மாதிரி இதையும் போடணும்" என்று அடம்பிடித்தான். அவர் நிஜமாகவே எதிர் வீட்டுத் தொழுவத்தில் போய்ச் சாணி வாங்கி வந்து, பல்லை உருண்டைக்குள் வைத்து, பேரன் போனில் பார்க்க, ஓட்டுக் கூரையில் வீசினார். முதல் தடவை ஓட்டில் பட்டு உருண்டு கீழே விழுந்தது. ராகி ஓடிப்போய் அதைத் தின்றுவிட்டது. இரண்டாவது பல்லுக்குக் காத்திருந்து அதைச் சரியாகப் போட்டோம்.

மாங்காய்க் காலத்தைப் பற்றி ஒன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் ஆனி ஆடி வரை தெருவெல்லாம் மாங்கொட்டை. குட்டி அதைக் கடித்துத் துண்டாக விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். குப்பைக்கூடையை மூடி வையுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட்டும் கூடாது.

வைகாசியில் கருத்தடை செய்துவிட்டேன். "பொட்டையைத் தூக்கி வளர்த்ததே பெருசு, ஒரு ஈத்து கூடப் போடாம மலடாக்கிட்டியே, பாவம்" என்றார் பெரியம்மா. அந்த ஈத்தில் வரும் ஐந்தாறு குட்டியில் இரண்டு கடுவனை ஆள் வந்து தூக்கிப் போகும். மற்றது? பெரியம்மாவிடம் பதில் இல்லை, எனக்குத் தெரியும் பதில் எங்கே என்று, வேலிக்காத்தான் புதரடியில். ஒரு பொட்டை நாய் வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். நீதிமன்றம் வரைக்கும் போன கணக்கு இப்படித்தான் கூடியது. சிவப்பு முக்கோணப் பலகையின் கீழே உட்கார்ந்து குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் சேர்த்தே என் பாதி ஆயுள் போயிற்று. அங்கேயும் மேசையில் படுத்தவர்கள் எல்லாம் பெண்கள்தான், ஆண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாயிலாவது கடுவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அதற்கு அறுவை இன்னும் சுலபம். ராகி ஒரு நாள் மந்தமாகக் கிடந்தது, நான்காம் நாள் தையலை நக்கப் பார்த்தது, கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் போட்டோம், அதோடு கதவிலெல்லாம் இடித்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாட்டுக்குக் கோமாரி ஊசி, ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய் ஊசி முகாம் என்றால் மாவட்டப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். நாய்க்குட்டிக்கு எந்த வாரத்தில் எந்த ஊசி, எந்தக் கால்நடை மருத்துவமனையில் எந்தக் கிழமை கருத்தடை என்பதையும் அதே கட்டத்தில், கார்த்திகை மார்கழியில் குட்டி போடும் காலத்தில் போடுங்கள். உள்ளங்கை அகலம் போதும்.

அந்தச் சாக்கைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் வாயைக் கட்டவில்லை. ஏரிக்குள்ளும் வீசவில்லை, மேட்டில் வைத்திருந்தார்கள். பன் துண்டு வேறு. வைத்த கை தயங்கியிருக்கிறது. அந்தக் கைக்குரியவர் இந்தப் பேப்பரைப் படிப்பவராக இருந்தால் அவருக்குச் சொல்கிறேன். தாய் நாய் உங்கள் வீட்டில்தான் இருக்கும். போன கார்த்திகையில் சாக்கில் வந்தவை அதன் குட்டிகள். நடுவில் இன்னோர் ஈத்து ஆகியிருக்கும், அடுத்ததற்கு இப்போது வயிறு இறங்கியிருந்தாலும் இருக்கும். கூட்டிக்கொண்டு வாருங்கள். பாப்பாரப்பட்டியில் நர்சம்மா வீடு என்றால் சின்னப் பிள்ளையும் காட்டும். தருமபுரிக்கு நானும் கூட வருகிறேன், ஆட்டோச் செலவு என்னுடையது. யார், எந்த ஊர் என்று கேட்க மாட்டேன். முன்பும் பல வீடுகளில் கேட்டதில்லை. புதன்கிழமையாக இருந்தால் எனக்கும் தோதுப்படும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பாப்பாரப்பட்டி, தருமபுரி மாவட்டம்.